வெண்பனிப் பரப்பின் சராசரி நூறைத் தாண்டுகிறது: மோடிஸ் தரவில் உதவி தேவை

கேள்வி (மாணவி, திருநெல்வேலி, யாழ்ப்பாணம்)

அனைவருக்கும் வணக்கம். நான் புவியியல் இறுதியாண்டு மாணவி. கனடாவின் ரொறன்ரோ நகரைச் சுற்றிய பகுதியில் 2001 முதல் வெண்பனிப் பரப்பு எவ்வாறு மாறி வந்திருக்கிறது என்பதை, நாசாவின் டெரா செய்மதியிலுள்ள மோடிஸ் உணரியின் நாளாந்தக் கோப்புகளைக் கொண்டு கணித்து வருகிறேன். (நம் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதுதான்; குழப்பம் வராதிருக்க வெண்பனி என்றே எழுதுகிறேன்.)

படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் (சிறு சதுரத்துக்கும்) உரிய வெண்பனிப் பெறுமானம் 0 முதல் 100 வரை இருக்கும் என்று படித்தேன். பைத்தன் நிரல்மொழியில் சராசரி எடுத்தால் 100 ஐத் தாண்டுகிறது, அதுவும் யூலை மாதத்தில்கூட! அங்கு வசிக்கும் சித்தியிடம் கேட்டேன். யூலையில் மின்விசிறி இல்லாமல் வீட்டில் இருக்க முடியாது என்கிறார். பிறகு 100 ஐ விடப் பெரிய எண்களையெல்லாம் 0 ஆக மாற்றினேன். யூலை சரியாகிவிட்டது, ஆனால் முற்றம் முழுவதும் வெண்பனி கிடந்ததாகச் சித்தி சொல்லும் திசெம்பர் நாட்களில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்று வருகிறது. எங்கே பிழை விடுகிறேன்?

பதில் (கோண்டாவில்)

தங்கச்சி, 100 க்கு மேலுள்ள எண்கள் அளவுகள் அல்ல, அவை குறியீடுகள். முகில் மூடிய பிக்சலுக்கு 250, உள்நாட்டு நீர்நிலைக்கு 237, கடலுக்கு 239, இரவுக்கு 211, முடிவு சொல்ல இயலாததற்கு 201. உங்கள் பகுதியில் ஒன்ராறியோ ஏரியின் பெரும்பகுதி விழுகிறது. அதன் 237 தான் யூலைச் சராசரியைத் தூக்கிவிட்டிருக்கிறது.

ஆறு பிக்சல்களை மட்டும் எடுத்துப் பாருங்கள்: 72, 68, 250, 250, 0, 41. அப்படியே கூட்டி வகுத்தால் 113.5. முகிலை 0 ஆக்கினால் 30.2. முகில் பிக்சல்களை வெற்றிடமாக்கி, மிஞ்சிய நான்கை மட்டும் எடுத்தால் 45.3. இரண்டாவது முறையில், நிலம் தெரியவில்லை என்று செய்மதி சொன்னதை, நிலத்தில் வெண்பனி இல்லை என்று நீங்கள் எழுதிவிட்டீர்கள். கார்த்திகை மழைக்காலத்தில் யாழ்ப்பாணத்தின் செய்மதிப் படத்தில் குடாநாடு தெரியாது. அதற்காக யாழ்ப்பாணம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை அல்லவா?

ஏரியைத் தரை எல்லைக் கோப்பினால் முதலிலேயே வெட்டி எடுத்துவிடுங்கள். குளிரில் ஏரியின் ஓரம் உறைந்து கணக்கில் நுழைவதையும் அது தடுக்கும்.

பதில் (ஸ்காபரோ, கனடா)

மேலே அண்ணா சொன்னது முற்றிலும் சரி. நான் சேர்க்க விரும்புவது, 0 முதல் 100 வரையுள்ள அந்த எண்ணையும் பரப்பின் சதவீதம் என்று எழுதிவிடாதீர்கள் என்பதே. வெண்பனி பச்சை ஒளியை மிகுதியாகத் தெறிக்கச் செய்யும், ஏறத்தாழ 1.6 மைக்ரோமீற்றர் அலைநீளமுள்ள அகச்சிவப்பை விழுங்கிவிடும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, நூறால் பெருக்கி வரும் சுட்டெண்ணே அந்த எண். பெரும்பாலான முகில்கள் அந்த அகச்சிவப்பையும் தெறிக்கச் செய்வதால்தான் இரண்டையும் பிரித்தறிய முடிகிறது. ஊசியிலைக் காட்டில் மரத்தின் கீழ் முழங்கால் அளவு வெண்பனி கிடந்தாலும், மேலேயுள்ள இலைவிதானம் மறைப்பதால் சுட்டெண் குறைவாகவே வரும்.

முகில் இடைவெளியை முந்தைய தெளிந்த நாளின் பெறுமானத்தால் நிரப்பிய கோப்புகளும் கிடைக்கின்றன. எட்டு நாள் தொகுப்பைத் தவிர்க்கவும்: எட்டில் ஒரு நாள் வெண்பனி தெரிந்தாலே அந்தப் பிக்சல் வெண்பனி என்று பதிவாகும், விரைவில் உருகும் எங்கள் பகுதிக்கு அது மிகையான கணக்கைத் தரும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. குறியீடுகளை வெற்றிடமாக்கியதும் யூலை 0 க்கு வந்துவிட்டது, திசெம்பரும் நம்பத்தக்கதாகத் தெரிகிறது. இப்போது 2001 முதல் கோடு சற்றே சரிகிறது. வெண்பனி குறைந்துவிட்டது என்று எழுதலாமா?

பதில் (கோண்டாவில்)

அவசரப்படாதீர்கள். ஒரு சிறு பகுதியில் ஆண்டுக்காண்டு ஏற்ற இறக்கம் மிகப் பெரிது. முதல் இரண்டு ஆண்டுகளை நீக்கிப் பாருங்கள், கோடு திசை மாறுகிறதா என்று. டெராவும் அதே நேரத்தில் பார்த்துக்கொண்டே இருக்கவில்லை: காலை 10.30 க்கு நிலநடுக்கோட்டைக் கடந்து வந்த அது, 2020 க்குப் பிறகு பாதை திருத்தப்படாததால், 2022 ஒக்ரோபரில் 10.15 அளவுக்கு முந்திவிட்டது. ஆகவே 2020 உடன் தொடரை நிறுத்துவது நல்லது.

நீண்டகாலப் பின்னணிக்கு, 1966 இன் பிற்பகுதியிலிருந்து வரும் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிறுவனமான நோவாவின் வட அரைக்கோள வெண்பனி வரைபடங்களைப் பாருங்கள். ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் அவற்றைப் பேணுகிறது. ஆர்க்டிக் நிலப்பரப்பில் யூன் மாத வெண்பனி 1967 முதல் 2018 வரை தசாப்தத்துக்கு ஏறத்தாழ 13 சதவீதம் குறைந்தது என்று ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் அறிக்கை கூறுகிறது. அதே நோவா தொடரில் ஒக்ரோபர் வெண்பனி கூடுவதாகத் தெரிவதை அப்படியே ஏற்க வேண்டாம். பிற தரவுகளில் அது தெரியவில்லை, வரைபடம் வரையும் திறன் மேம்பட்டதன் விளைவாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்

ஒவ்வொரு மாதத்திலும் எத்தனை தெளிந்த நாட்கள் கிடைத்தன என்று எண்ணிப் பார்த்தேன். சில திசெம்பர்களில் பல பிக்சல்களுக்கு ஐந்து நாட்கூட இல்லை; மார்ச்சில் நிலைமை நன்று. ஆய்வை மார்ச் மாதத்துடன் மட்டுப்படுத்தி, தெளிந்த நாட்களின் எண்ணிக்கையை ஒவ்வொரு புள்ளியின் கீழும் எழுதுகிறேன். எல்லைக் கோப்பில் ஏரிக்கரையை ஒரு பிக்சல் உள்ளே தள்ளி வெட்டினால் போதுமா?

பதில் (ஸ்காபரோ, கனடா)

இரண்டு பிக்சல், அதாவது ஒரு கிலோமீற்றர் உள்ளே தள்ளுங்கள். விளிம்பில் படம் சற்று நகர்ந்தாலும் நீர் கலக்காது.