ஜெர்மனிக்குப் படிக்கப் போகிற பிள்ளை முதல் வருஷமே ஊர் சுற்றலாமா?

எல்லையோர ஊர்க்காரர்கள் சிலர், ஊர்ப் பெயரையே புனைபெயராக வைத்துப் பேசிக்கொண்டது:

வேலந்தாவளம் சந்தை:
கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம் பக்கமிருந்து இந்த அக்டோபருக்கும் ஒரு கூட்டம் ஜெர்மனிக்குக் கிளம்புதுங்க. பெரும்பாலும் எம்.எஸ்., பெரும்பாலும் கடன். வீட்டுக்கு வீடு ஒரே சண்டை. போன மூணாம் மாசமே பிராக், பாரிஸ்னு போட்டோ வந்தா அப்பாவுக்கு வயிறு எரியுது. கேட்டா "டிக்கெட் கிட்டத்தட்ட சும்மாதான்ப்பா"ங்குது பிள்ளை.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன்: முதல் ரெண்டு செமஸ்டர் ஊர் சுற்றல் வேண்டாம். பிளாக் அக்கவுன்ட்ல, அதாவது விசாவுக்காக முன்கூட்டியே மொத்தமாப் போட்டு மாசாமாசம் எடுக்கற கணக்குல, வருஷத்துக்கு 11,904 யூரோ போடறோம், மாசம் கைக்கு வர்றது 992. கிழக்கு ஜெர்மனி ஊர்ல மாணவர் விடுதி அறைக்கு 300லிருந்து 380, இன்சூரன்ஸ் 150 பக்கம், சாப்பாடு 200. அறையில ரேடியோ, டிவி இல்லைன்னாலும் ஒளிபரப்புக் கட்டணம் 18.36 உண்டு; பங்கு வீடுன்னா ஆளுக்குப் பிரிச்சுக்கலாம். இதெல்லாம் போக நிக்கிறது 240லிருந்து 320. அதுலதான் அடுத்த செமஸ்டர் கட்டணமும் எடுத்து வைக்கணும். பயணத்துக்கு எங்கிருந்துங்க வரும்?

மீனாட்சிபுரம் ஜங்ஷன்:
சந்தை அண்ணா, கணக்கு சரி, முடிவு தப்பு. பயணம்னதும் விமானம், ஓட்டல், ஈபிள் கோபுரம்னு யோசிக்கிறீங்க. மாணவர் அட்டையோட வர்ற டாய்ச்லாந்து டிக்கெட்டைக் கணக்குல சேர்க்கலை. பொது விலை 2026-ல மாசம் 63 யூரோ. இந்த டிக்கெட்டுக்கு ஒப்பந்தம் போட்ட பல்கலைக்கழகங்கள்ல மாணவருக்கு அதுல 60 சதவீதம்தான், அதுவும் செமஸ்டர் கட்டணத்துக்குள்ளேயே அடக்கம். பணம் ஏற்கெனவே கட்டியாச்சு. அறையிலேயே உட்கார்ந்தா திரும்பி வராது.

அதை வெச்சு நாடு முழுக்க ஆர்.ஈ., ஆர்.பி.ங்கற வட்டார ரயில், எஸ்-பான்ங்கற புறநகர் ரயில், டிராம், டவுன் பஸ் எல்லாத்துலயும் ஏறலாம். ஐ.சி.ஈ., ஐ.சி.ங்கற நெடுந்தூர வேக ரயில் மட்டும் கூடாது, தெரியாம ஏறினா முழுக் கட்டணமோ அபராதமோ நிச்சயம். லைப்சிக்ல இருந்து டிரெஸ்டனுக்கு ஆர்.ஈ. 50-ல ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. மாக்டபர்க்ல இருந்து பெர்லினுக்கு ஆர்.ஈ. 1, ரெண்டு மணிக்குள்ள. பிராக் போகணும்னா டிரெஸ்டன்ல இருந்து எஸ் 1-ல எல்லை ஓரம் ஷோனா வரைக்கும் இதே டிக்கெட், அதுக்கப்புறம் செக் நாட்டுப் பகுதிக்கு மட்டும் தனியா வாங்கினா போதும். சால்ஸ்பர்க் ஆஸ்திரியாவுல இருந்தாலும் அந்த ஸ்டேஷன் வரைக்கும் லோக்கல் ரயில்ல செல்லும்.

எங்க சொதப்பும்னும் சொல்றேன். வண்டி மாற ஆப் 6 நிமிஷம் காட்டும், அதை நம்பக் கூடாது. முதல் வண்டி 10 நிமிஷம் தாமதமானா அடுத்தது ஒரு மணி நேரம் கழிச்சுத்தான். ராத்திரி கடைசி இணைப்பை விட்டா விடியற வரைக்கும் பிளாட்ஃபாரம். அதனால திரும்பி வர எப்பவும் கடைசிக்கு முந்தின வண்டி. காலைல ரெண்டு பரோட்டா சுருட்டிக் கட்டிக்கிட்டு, தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டுப் போனா ஒரு சனிக்கிழமைச் செலவு 10 யூரோவைத் தாண்டாது.

நகரி தறி:
முதலில் ஒன்று. நீங்கள் பேசுவது பாலக்காட்டுச் சித்தூர். எங்கள் சித்தூர் ஆந்திராவில் இருக்கிறது. அங்கிருந்தும் இதே கூட்டம்தான் கிளம்புகிறது.

ஜங்ஷன் தம்பி 10 யூரோ என்கிறார். செலவு அது மட்டும் இல்லை, அன்றைக்கு வராமல் போன வரவும் செலவுதான். 20 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்றால் வருடத்துக்கு 2 லட்சம், மாதம் 16,600-க்கு மேல். படிக்கும் காலத்தில் தவணை இல்லை என்றுதான் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். அங்கே குறைந்தபட்சக் கூலி 2026-இல் மணிக்கு 13.90 யூரோ. சனி, ஞாயிறில் 10 மணி நேரம் உணவகத்தில் நின்றால் 139. மாதம் 603 வரை மினி ஜாப் என்ற சிறு வேலை, ஓய்வூதியப் பிடித்தத்திலிருந்து விலக்குக் கேட்டுக்கொண்டால் கையில் முழுசாக வரும். நான்கு வார இறுதி வேலை பார்த்தால் இந்த வட்டியை அங்கிருந்தே கட்டிவிட்டு மிச்சமும் வைக்கலாம். டிரெஸ்டன் பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்தால் வட்டி குறையுமா?

மீனாட்சிபுரம் ஜங்ஷன்:
நாலு வார இறுதியும் வேலைன்னா அந்தப் பிள்ளை படிக்கப் போச்சா, பாத்திரம் கழுவப் போச்சா? சட்டமும் பார்க்கணுமே: வருஷத்துக்கு 140 முழு நாள், இல்லைன்னா 280 அரை நாள்.

நகரி தறி:
வாரம் இரண்டு ஐந்து மணி நேர ஷிஃப்ட் என்றால் நான்கு மணி நேரத்தைத் தாண்டுவதால் இரண்டுமே முழு நாள்தான். வருடம் முழுக்கப் பார்த்தாலும் 104 முழு நாள், 140-ஐத் தாண்டவில்லை. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பேராசிரியரிடம் மாணவ உதவியாளர் வேலை கிடைத்தால் அது இந்தக் கணக்கிலேயே சேராது. ஒன்றை மட்டும் தொடக் கூடாது: சுயதொழில் என்று ஒப்பந்தம் போடும் டெலிவரி வேலை. மாணவர் அனுமதியில் சுயதொழிலுக்குத் தனி ஒப்புதல் வேண்டும். அது இல்லாமல் செய்து மாட்டினால் அனுமதியைப் புதுப்பிக்கும்போது கேள்வி வரும்.

களியக்காவிளை மேற்கு:
அண்ணாச்சிமாரே, பணத்தைப் பிறகு பார்ப்போம். காகிதம் இல்லாமல் எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்று யாரும் பேசவில்லை. நம்மூரில் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே மீன் வாங்கப் போய் வருகிற நினைப்பிலேயே பிள்ளைகள் அங்கேயும் எல்லை தாண்டுகிறார்கள்.

கையில் இருப்பது தேசிய விசா, அதாவது டி வகை, அல்லது ஜெர்மன் வசிப்பு அட்டை என்றால் மற்ற ஷெங்கன் நாடுகளில், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளில், எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்கலாம். ஜெர்மனியில் இருக்கும் நாள் இதில் சேராது. குரோவேஷியா 2023 முதல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது; ருமேனியா, பல்கேரியா தரை எல்லையும் 2025 ஜனவரி முதல் திறந்தாயிற்று. இங்கிலாந்து, அயர்லாந்து இந்தக் கணக்கில் வராது, தனி விசா வேண்டும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், விசா முடிந்து அட்டை வராத இடைக்காலத்தில். வெளிநாட்டவர் அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை ஃபிக்சியோன்ஸ்பெஷைனிகுங் என்ற தற்காலிகச் சான்று தருவார்கள். அதில் எந்தக் கட்டத்தில் டிக் போட்டிருக்கிறது என்று பாருங்கள். வசிப்புச் சட்டம் 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு என்றால் ஊருக்கு வந்துவிட்டு ஜெர்மனிக்குத் திரும்ப நுழையலாம். 3-ஆம் உட்பிரிவு என்றால் வெளியே போனால் அந்தச் சான்றைக் காட்டித் திரும்ப முடியாது. விசா முடிவதற்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருந்தால்தான் 4-ஆம் உட்பிரிவு. ஆன்லைனில் போட்ட தேதிக்குச் சாட்சி, மின்னஞ்சலில் வந்த பதில், இரண்டையும் பத்திரமாக வைக்க வேண்டும். 4-ஆம் உட்பிரிவு சரியாக இருந்தாலும் அதை நம்பி பிரான்ஸ், இத்தாலி சுற்றக் கிளம்பக் கூடாது. அது ஜெர்மனிக்குத் திரும்புவதற்கான காகிதம். வளைகுடா வழியாக ஊருக்கு வருகிறவர்கள், திரும்பும்போது நெடும்பாசேரி (கொச்சி) விமான நிலையக் கவுன்ட்டரில் அதைக் காட்டினால் பணியாளர் முழிப்பார். முடிந்த விசா ஒட்டிய பாஸ்போர்ட்டையும் பல்கலைக்கழகச் சேர்க்கைச் சான்றையும் கூடவே நீட்டி, மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் நிற்க வேண்டும்.

இன்னொன்று. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லாத் தரை எல்லையிலும் சோதனை வைத்திருக்கிறது, நீட்டித்துக்கொண்டே போகிறார்கள். ராத்திரி பஸ் சாலையோரம் நிற்கும், போலீஸ் ஏறும், டார்ச் அடித்து வரிசையாகக் கேட்பார்கள். அட்டை மட்டும் போதாது, மொபைலில் போட்டோவும் செல்லாது. அட்டையும் பாஸ்போர்ட்டும் சேர்ந்து கையில் இருக்க வேண்டும்.

வேலந்தாவளம் சந்தை:
நான் சொன்னதுக்கு அண்ணாச்சியே சாட்சி. முதல் வருஷம் காகிதமே கைக்கு வராதுன்னா அப்புறம் என்ன பயணம்?

களியக்காவிளை மேற்கு:
இல்லை, சாட்சி சொல்ல வரவில்லை. விசா செல்லுபடியாகும் முதல் சில மாதங்கள்தான் வெளிநாடு போக நல்ல நேரம் என்கிறேன். அந்த நேரத்தை விட்டால் அட்டை வரும் வரை ஜெர்மனிக்குள் மட்டும். நீங்கள் தலைகீழாகப் படிக்கிறீர்கள்.

கம்பமெட்டு:
அண்ணே, எல்லாரும் ரயிலையும் வட்டியையும் பேசுறீங்க. பிள்ளை யாரோட பழகுதுங்கிறதை விட்டுட்டீங்க. அதுல நம்ம எல்லைக்காரப் பிள்ளைகளுக்குன்னு தனியா ஒரு சங்கதி இருக்கு.

நமக்கு மலையாளம் வரும். ஜெர்மனியில எந்தப் பல்கலைக்கழக ஊருக்குப் போனாலும் மலையாளிக் கூட்டம் இருக்கும். நர்ஸிங் பக்கம் போனவங்களையும் சேர்த்தா பெருங்கூட்டம். கம்பம், செங்கோட்டைப் பிள்ளை போய் இறங்கின அன்னைக்கே ரெண்டு வாட்ஸ்அப் குழுவிலும் சேர்ந்துக்கலாம், தமிழ் ஒண்ணு, மலையாளம் ஒண்ணு. காலியாகுற அறை, பழைய சைக்கிள், குக்கர், குளிர் கோட்டு எல்லாம் அங்கதான் கைமாறும். முதல் மாசம் இது பெரிய வரம். ஆறாம் மாசமும் அதே அஞ்சு பேரோடயே சோறு, அதே கிச்சன், அதே கிரிக்கெட்னா ஜெர்மன் பேச்சு ஏ 1-ங்கிற தொடக்க நிலையிலயே நின்னு போகும். படிப்பு இங்கிலீஷ்லதான், சரி. இன்டர்ன்ஷிப் நேர்காணல்ல ஜெர்மன் கேப்பான்.

என்ன செய்யலாம்? பல்கலைக்கழக விளையாட்டு மையத்துல செமஸ்டருக்கு 20, 40 யூரோவுக்கு வாலிபால், பேட்மின்டன், நீச்சல்னு வகுப்பு இருக்கும். பதிவு ஒரு குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட மணிக்குத் திறக்கும், நல்லது எல்லாம் சில நிமிஷத்துல நிறைஞ்சுரும். முன்னாடியே கணக்குத் தொடங்கி வெச்சுட்டுக் காத்திருக்கணும். எராஸ்மஸ் ஸ்டூடன்ட் நெட்வொர்க்ங்கிற மாணவர் சங்கத்தோட கிளை இருந்தா அவங்க போற ஒரு நாள் பயணத்துல, எராஸ்மஸ்ங்கிற மாணவர் பரிமாற்றத் திட்டத்துல வராத வெளிநாட்டு மாணவரும் சேரலாம். டாண்டெம்னு ஒண்ணு: ஒரு ஜெர்மன்காரன் ஜெர்மன் சொல்லித் தருவான், நீ இங்கிலீஷோ தமிழோ சொல்லித் தரணும்.

வீட்டுக்குக் கூப்பிட்டா நம்மூர் மாதிரி "வர்றேன் வர்றேன்"னுட்டுப் போகாம இருக்கக் கூடாது. ரெண்டு வாரம் முன்னாடியே தேதி வெப்பாங்க, 7 மணின்னா 7 மணி. பிறந்தநாள் வாழ்த்தை ஒருநாள் முன்னாடி சொல்லிறாதீங்க, அது அபசகுனமாம். கேக்கும் பிறந்தநாள்காரந்தான் கொண்டு வரணும்.

விடுதி கிச்சன் விஷயம் சண்டையில முடியும். கடுகு, வத்தல் தாளிச்சுப் புகை கிளம்பினா ஜன்னலைத் திறக்கணும், நடைபாதைக் கதவைத் திறக்கக் கூடாது. நடைபாதையில இருக்கிற ஸ்மோக் டிடெக்டர் பல விடுதியில நேரா தீயணைப்பு நிலையத்தோட இணைப்பு. வண்டி வந்து நின்னா பில்லு நம்ம பேர்ல வரலாம். மீன் வறுக்கிறதா இருந்தா தட்டு மூடி, அடுப்பை மட்டா வெச்சு. ராத்திரி 10 மணிக்கு மேல சத்தம் ஆகாது, ஞாயித்துக்கிழமை முழுக்கவே அமைதி. பார்ட்டி வெச்சா முந்தின நாளே மாடிப்படியில ஒரு சீட்டு ஒட்டி, சத்தம் வந்தா கூப்பிடச் சொல்லி நம்பர் போடணும். இல்லைன்னா பக்கத்து வீட்டம்மா நேரா போலீஸைக் கூப்பிடும்.

நகரி தறி:
இதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பழக்கம் பிடிக்கத்தான் உணவக வேலையும் உதவும். இரண்டு மாதம் மேசை துடைத்தால் வகுப்பில் வராத ஜெர்மன் வரும்.

கம்பமெட்டு:
இந்திய உணவகத்துல நின்னா வராது தறி அண்ணே, பஞ்சாபிதான் வரும்.

ஆரியங்காவு கணவாய்:
ஊர் சுற்றலா வேலையா என்று பேசுகிறீர்கள், செமஸ்டர் நாட்காட்டியை யாரும் எடுக்கவில்லையே. குளிர்கால செமஸ்டர் வகுப்பு அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி தொடக்கம், நடு வரை ஓடும். தேர்வு பெரும்பாலும் அதையொட்டி. கோடைகால வகுப்பு ஏப்ரல் முதல் ஜூலை வரை. நம்மூர்ப் பிள்ளை தடுக்கி விழுவது இரண்டு இடத்தில். ஒன்று, தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். வகுப்பில் உட்கார்ந்தால் போதாது, கெடு தாண்டினால் அந்தத் தடவை எழுத முடியாது. இரண்டு, பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்றே வாய்ப்பு. மூன்றாவதும் போனால் பெயரை நீக்குவார்கள், அதே படிப்பில் ஜெர்மனியில் வேறு இடத்தில் சேர்வதும் அடைபடும். விசாவும் கூடவே ஆடும்.

ஆகவே ஜனவரி, ஜூலை இரண்டு மாதமும் பயணம் இல்லை, வார இறுதி வேலையும் பாதியாக வேண்டும், தறி அண்ணாவும் கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல நேரம் மார்ச் கடைசி. கூட்டமும் குறைவு, ஈஸ்டர் தள்ளி வருகிற வருடம் விடுதி விலையும் குறைவு. நவம்பர் கடைசியிலிருந்து கிறிஸ்துமஸ் சந்தை. அதற்கு ஒரு நாள் பயணமே போதும். டிசம்பர் கடைசி இரண்டு வாரம் விடுமுறைதான், ஆனால் டிக்கெட் விலை ஏறிக் கிடக்கும்.

நீண்ட பயணம் என்றால் பல ஐரோப்பிய நாட்டு ரயில்களுக்கும் சேர்த்து ஒன்றாக வாங்கும் இன்டர்ரெயில் பாஸ் பார்க்கலாம். ஐரோப்பாவில் வசிப்பவர் என்றால் இந்திய பாஸ்போர்ட்டுக்கும் அதுதான். 27 வயது வரை இளையோர் விலை. வசிக்கும் நாட்டுக்குள் வெளியே போக ஒரு பயணம், திரும்ப ஒரு பயணம் மட்டும். பிரான்ஸின் அதிவேக ரயிலான டி.ஜி.வி.யில் இருக்கைக்குத் தனிக் காசு, அதைக் கணக்கில் சேர்க்காமல் பாஸ் மலிவு என்று சொல்லக் கூடாது. மலிவு விமானத்திலும் இதே சூது: ஃபிராங்க்ஃபர்ட் ஹான் நிலையம் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர், பாரிஸ் பொவே 80-க்கு மேல். 15 யூரோ டிக்கெட்டுக்கு பஸ் கூலி அதைவிட அதிகம். வசிப்பு அட்டை கையில் இருந்தால் லூவ்ர் அருங்காட்சியகம் 26 வயதுக்குக் கீழ் இலவசம். அதைக் காட்டாமல் வரிசையில் நின்று காசு கட்டுகிறவர்கள் உண்டு.

உடம்புக்கு: பொதுக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம் ஐரோப்பியக் காப்பீட்டு அட்டை, அவசர சிகிச்சைக்கு உதவும். டென்மார்க்கிலும் சுவிட்சர்லாந்திலும் நம் போன்ற வெளிநாட்டு பாஸ்போர்ட்டுக்கு அது செல்லாது, தனிப் பயணக் காப்பீடு வேண்டும். சுவிஸ் எல்லை தாண்டியதும் மொபைல் ரோமிங்கை அணைத்துவிடுங்கள், ஐரோப்பிய ஒன்றிய விலை அங்கே கிடையாது.

வேலந்தாவளம் சந்தை:
அக்கா சொல்றது நியாயம். மார்ச் கடைசின்னா நானும் அரை மனசா ஒத்துக்கறேன். ஆனா ஒரு மாசம் அறையைப் பூட்டிட்டுப் போனா வாடகை வீண்தானே?

ஆரியங்காவு கணவாய்:
விடுதி நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கி உள்வாடகைக்கு விடலாம். அனுமதி இல்லாமல் விட்டால் ஒப்பந்தம் போகும். அதைவிட முக்கியம் தபால் பெட்டி. அங்கே அலுவலகம், காப்பீடு, வங்கி எல்லாம் கடிதத்தில்தான் பேசும். பதிலுக்குக் கெடு கடிதத்திலேயே இருக்கும். பெட்டியில் பெயர் ஒட்டாவிட்டால் தபால்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். பயணம் போகும்போது ஒருவரிடம் பெட்டிச் சாவியைக் கொடுத்து, வாரம் ஒருமுறை உறையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். மஞ்சள் உறை வந்தால் அன்றைக்கே திறக்கச் சொல்லுங்கள். அது சேர்ப்பித்த தேதி எழுதிய அரசுக் கடிதம், அந்தத் தேதியிலிருந்தே கெடு ஓடும்.

நகரி தறி:
மார்ச்சில் இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் பயணம். அதற்கு மேல் நான் இறங்க மாட்டேன்.

மீனாட்சிபுரம் ஜங்ஷன்:
சனிக்கிழமை ரயிலை அதுல சேர்க்காதீங்கண்ணா, அது தனி.