புதிய பெல்ட் மாட்டிய பிறகும் என்ஜினில் கீச்சொலி: உதவி தேவை

வேளச்சேரிவாசி:
அனைவருக்கும் வணக்கம். காரின் பெல்ட்டை வீட்டிலேயே கழற்றிப் புதியது மாட்டினேன். முன்பு இருந்ததைவிட இப்போது சத்தம் அதிகமாகவே கேட்கிறது. காலையில் வண்டியை எடுத்த உடனே தொடங்கிவிடுகிறது. பெல்ட் அசல்தான் என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்னார். வார இறுதியில் குடும்பத்தோடு திருநெல்வேலிக்குப் புறப்பட வேண்டியிருப்பதால், காரணம் தெரிந்தவர்கள் விரைவாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மதுரைக்காரன்:
நண்பரே, எந்த வண்டி, எந்த ஆண்டு, பெட்ரோலா டீசலா என்று எதையும் நீங்கள் குறிப்பிடவில்லை. பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்நேட்டரையும் ஏசி கம்ப்ரசரையும் ஓட்டும் வெளிப்புற பெல்ட்டைத்தானே சொல்கிறீர்கள்? பெல்ட்டை இறுக்கமாக வைக்கும் டென்ஷனர் தானாக இழுத்துக்கொள்ளும் வகையா, போல்ட்டைத் தளர்த்தி நாமே இழுத்து முடுக்கும் வகையா? சத்தம் இழுவையாகக் கேட்கிறதா, விட்டு விட்டுக் கேட்கிறதா? இவை தெரியாமல் யார் என்ன சொன்னாலும் அது ஊகமாகவே இருக்கும்.

கொங்குநாடன்:
இதில் ஆராய எதுவும் இல்லை, பெல்ட் தொய்வாக இருக்கிறது. பெல்ட் சுற்றி ஓடும் சக்கரங்களான புல்லிகளில் இரண்டுக்கு இடையில் நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் நன்றாக அழுத்திப் பாருங்கள். ஏறத்தாழ 10 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போனால் ஆல்டர்நேட்டர் போல்ட்டைத் தளர்த்தி, கம்பியால் நெம்பி இழுத்துப் பிடித்துக்கொண்டு மீண்டும் முடுக்குங்கள். அதுவரை உலர்ந்த சோப்புக் கட்டியைப் பெல்ட்டின் உள்பக்கத்தில் லேசாகத் தேய்த்தால் ஊர் போய்ச் சேரும்வரை சத்தம் இருக்காது.

ஓட்டுநர்மகள்:
சோப்பு வேண்டாம், கடைகளில் விற்கும் பெல்ட் ஸ்ப்ரேயும் வேண்டாம். இரண்டுமே தூசியைப் பிடித்துக்கொண்டு பள்ளங்களில் பசையாகப் படிந்துவிடும். சத்தம் அடங்கினாலும் அதற்கான காரணம் அப்படியே இருக்கும், பிறகு அதைக் கண்டுபிடிப்பதும் கடினமாகிவிடும். மதுரைக்காரன் கேட்ட கேள்விகளுக்கு முதலில் பதில் எழுதுங்கள்.

இயந்திரப்பித்தன்:
தம்பி, காணொளி பார்த்துவிட்டு ஸ்பேனரைக் கையில் எடுப்பவர்கள் எல்லோரும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். வண்டியின் பெயரைக்கூடச் சொல்லத் தோன்றாதவர் பெல்ட்டின் பாதையைச் சரியாகப் பார்த்து மாட்டியிருப்பார் என்று நான் நம்பவில்லை. பள்ளமுள்ள பக்கம் பள்ளமுள்ள புல்லிகளிலும், வழவழப்பான முதுகுப்பக்கம் வழவழப்பான புல்லிகளிலும் உட்கார வேண்டும் என்பது அடிப்படைப் பாடம். ஒரு பள்ளம் தள்ளி உட்கார்ந்திருந்தாலும் இப்படித்தான் கத்தும். பட்டறைக்குக் கொண்டு போவதே உங்களுக்கு நல்லது.

வேளச்சேரிவாசி:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். 2012 மாடல் ஹேட்ச்பேக், 1.3 லிட்டர் டீசல், லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. பெல்ட் ஒன்றுதான், டென்ஷனர் தானாக இழுத்துக்கொள்ளும் வகை. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். கழற்றும் முன் பெல்ட் போகும் பாதையைப் படம் எடுத்துக்கொண்டு, அதன்படியே மாட்டினேன். எல்லாப் பள்ளங்களிலும் சரியாக உட்கார்ந்திருப்பதை டார்ச் அடித்துப் பார்த்தேன். பழையதிலும் புதியதிலும் அச்சிட்டிருக்கும் எண் ஒன்றேதான், 6பிகே என்று தொடங்குகிறது. சத்தம் இழுவையாக இல்லை, விட்டு விட்டுக் கீச் கீச் என்று கேட்கிறது, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வேகமாகிறது. ஏசியைப் போட்டாலும் நிறுத்தினாலும் மாற்றம் இல்லை. நேற்று கனமழையில் கடைத்தெருவுக்குப் போனபோது மட்டும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, வீடு திரும்புவதற்குள் மறுபடியும் வந்துவிட்டது.

மதுரைக்காரன்:
6பிகே என்றால் நீளவாக்கில் ஆறு முகடு கொண்ட பெல்ட் என்று பொருள், அதைத் தொடர்ந்து வரும் எண் மில்லிமீட்டரில் அதன் நீளம். இரண்டும் ஒத்துப்போவதால் கடைக்காரர் தவறான பெல்ட்டைத் தந்துவிட்டாரோ என்ற என் சந்தேகம் தீர்ந்தது. இழுக்கும் வேலையை டென்ஷனரே செய்வதால், ஆல்டர்நேட்டரை நெம்பும் யோசனையும் உங்களுக்குப் பொருந்தாது.

ஓட்டுநர்மகள்:
கடைசியாக, போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, மழையில் சத்தம் நின்றது என்று, அதுதான் முக்கியமான தகவல். பெல்ட் தொய்ந்து வழுக்கினால் இழுவையாகக் கத்தும், ஏசி போட்டுச் சுமை கூடும்போது இன்னும் மோசமாகும், தண்ணீர் பட்டால் உடனே சத்தம் அதிகரிக்கும். புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் விட்டு விட்டுக் கீச்சிடும், தண்ணீர் பட்டதும் அடங்கி, காய்ந்ததும் திரும்பி வரும். உங்களுக்கு நடந்திருப்பது இரண்டாவது.

மழைக்காகக் காத்திராமல், என்ஜின் மெதுவாக ஓடும்போது பெல்ட்டின் பள்ளமுள்ள பக்கத்தில் தெளிப்பான் குப்பியால் கொஞ்சம் சுத்தமான தண்ணீரை அடித்து இதை உறுதிப்படுத்திக்கொள்ளலாம். துண்டோ தளர்ந்த சட்டைக்கையோ பக்கத்தில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வேட்டியோடு அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

லட்சம் கிலோமீட்டர் ஓடியபின் பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய டென்ஷனரை அப்படியே விட்டிருக்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். டென்ஷனரின் கை சுழலும் அச்சில் உள்ள புஷ் என்ற வளையம் தேய்ந்தால், ஸ்பிரிங் இழுக்கும் போது அந்தக் கை சற்றுச் சாய்ந்துவிடும், அதன் நுனியில் உள்ள புல்லியும் சாய்ந்தே சுழலும். என்ஜினை நிறுத்திவிட்டு அந்தப் புல்லியை நேர் எதிரே நின்று பாருங்கள். பெல்ட் புல்லியின் நடுவில் ஓடாமல் ஒரு விளிம்பை ஒட்டி ஓடிய தடம் தெரியும், அந்தப் பக்கத்து இரும்பில் மாவு போலக் கருப்பு ரப்பர் தூள் படிந்திருக்கும். தேய்ந்து மென்மையான பழைய பெல்ட் இதைப் பொறுத்துக்கொண்டிருக்கும், விளிம்பு கூர்மையாக இருக்கும் புதிய பெல்ட் பொறுக்காது. சத்தம் இப்போது கூடியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

பட்டறைஅனுபவம்:
சகோதரி சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் ஆல்டர்நேட்டரையும் பார்க்க வேண்டும். பல டீசல் வண்டிகளில் அதன் புல்லி ஒரு பக்கம் மட்டும் பிடித்து மறுபக்கம் வழுக்கிச் சுழலும் வகையாக இருக்கும். பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையால் சுழற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் இறுகப் பிடித்தால் அது கெட்டுவிட்டது, டென்ஷனர் கையும் ஓயாமல் அதிரும். பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டுமே இருக்கும் ஐட்லர் புல்லியையும் சுழற்றி, மணல் அரைப்பது போல் கரகரக்கிறதா என்று விரலால் உணருங்கள். இன்னொன்று, பழைய பெல்ட்டில் விரிசல் இருந்ததா? விரிசல் இல்லாத பெல்ட்டை மாற்றியிருந்தால் வீண் செலவு செய்திருக்கிறீர்கள்.

இயந்திரப்பித்தன்:
விரிசலைப் பார்த்து பெல்ட் மாற்றுவது நியோப்ரீன் என்ற பழைய வகை ரப்பர் காலத்து வழக்கம். இப்போது வரும் ஈபிடிஎம் ரப்பர் எளிதில் வெடிக்காது, டயர் தேய்வது போலப் பள்ளத்தில்தான் தேயும். பள்ளம் அகன்று புல்லியின் முகடு அடிவரை இறங்கிவிட்டால், பார்க்கப் புதியதாக இருந்தாலும் அந்தப் பெல்ட் வழுக்கும். இத்தனை ஆண்டு பட்டறை அனுபவத்தில் இது தெரியாமல் போனது வியப்பாக இருக்கிறது.

பட்டறைஅனுபவம்:
தெரியாமல் இல்லை ஐயா. தேய்மானத்தை அளக்கும் பிளாஸ்டிக் அளவுகோல் எத்தனை வீடுகளில் இருக்கும்? கண்ணால் பார்க்கிறவர்களுக்குக் கண்ணால் பார்க்கும் அடையாளத்தைத்தான் சொல்ல முடியும். பெல்ட்டின் உயிர் கிலோமீட்டரில் இல்லை, அது படும் எண்ணெயிலும் கூலன்ட்டிலும்தான் இருக்கிறது என்பது என் முடிவு.

இயந்திரப்பித்தன்:
எண்ணெய் படாத பெல்ட்டும் தேயும். தேய்மானத்தைக் கணக்கில் எடுக்காமல் அறிவுரை சொன்னால் யாராவது நடுவழியில் நிற்பார்கள். என்ஜினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்பும் இதே பெல்ட்டில் ஓடும் என்ஜினாக இருந்தால், பெல்ட் அறுந்த சில நிமிடங்களில் சூடேறிவிடும். என்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போனால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் பெல்ட்டின் விலை ஒன்றுமே இல்லை.

மதுரைக்காரன்:
இருவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் கேட்டவர் திருநெல்வேலி போக வேண்டும். வேளச்சேரிவாசி, தண்ணீர் சோதனை செய்தீர்களா? டென்ஷனர் புல்லியின் விளிம்பைப் பார்த்தீர்களா?

கொங்குநாடன்:
நான் சொன்ன முறை போல்ட் வைத்து இழுக்கும் வண்டிகளுக்குச் சரியானதுதான் என்பதைப் பதிவு செய்கிறேன். சோப்பால் இதுவரை எந்த வண்டியும் கெட்டதில்லை.

ஓட்டுநர்மகள்:
டென்ஷனரை மாற்றுவதானால் பெல்ட்டைக் கழற்றும் போது அந்தக் கையைச் சட்டென்று விட்டுவிடாதீர்கள், ஸ்பிரிங்கின் வேகத்தில் விரல் நசுங்கிவிடும். நீளமான ஸ்பேனரால் ஸ்பிரிங்குக்கு எதிராகத் திருப்பிப் பிடித்து, பூட்டும் துளை இருந்தால் ஒரு ஆலன் கீயைச் செருகிவிட்டு, பிறகு பெல்ட்டை எடுங்கள். புதிய டென்ஷனர் பெரும்பாலும் பூட்டு ஊசியோடுதான் வரும், பெல்ட் முழுவதும் உட்காரும்வரை அந்த ஊசியை உருவக் கூடாது. சக்கரத்தைக் கழற்றிக் கீழிருந்து வேலை செய்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள்.

வேளச்சேரிவாசி:
தண்ணீர் அடித்ததும் சத்தம் நின்றது, காய்ந்ததும் வந்தது. டென்ஷனர் புல்லியின் உள்விளிம்பை ஒட்டியே பெல்ட் ஓடியிருக்கிறது, கருப்புத் தூளும் இருந்தது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் டென்ஷனரும் ஐட்லரும் வாங்கி மாற்றிவிட்டேன். இப்போது சத்தம் இல்லை. ஆல்டர்நேட்டர் புல்லி நன்றாகவே சுழல்கிறது. எல்லோருக்கும் நன்றி, புறப்படுகிறோம்.

பட்டறைஅனுபவம்:
மகிழ்ச்சி. பழைய ஐட்லர் கரகரத்ததா, டென்ஷனர் மட்டும்தான் காரணமா என்று எழுதினால் அடுத்து வருபவர்களுக்குப் பயன்படும்.

மதுரைக்காரன்:
புதிய டென்ஷனரின் போல்ட்டை எவ்வளவு டார்க்கில், அதாவது எவ்வளவு முறுக்கு விசையில், முடுக்கினீர்கள் என்பதையும் ஊர் போய்ச் சேர்ந்ததும் குறிப்பிடுங்கள்.