தகரக் கூரை வீடு பகல்ல அடுப்பா கொதிக்குது, ஏசி போடாம வழி இருக்கா?

பதுளை_வீடு:
பதுளை டவுன் பக்கம் வீடு. சிங்க் தகரம், கீழே பிளைவுட் சீலிங். மார்ச், ஏப்ரல்ல பகல் 11 மணிக்குப் பிறகு காம்பராவுக்குள்ள இருக்க முடியல. பேன் போட்டா சுடுகாத்துதான் இறங்குது. தகரத்துக்கு அடியில அலுமினியப் பொயில் போட்டும் வித்தியாசம் இல்ல. பத்தாததுக்கு விடியக்காலையில சீலிங்ல தண்ணி சொட்டுது. மாசம் 68 யூனிட் வருது. 9000 பிடியு (குளிராக்குற சக்தியோட அளவு) ஏசி போட்டா எவ்வளவு கூடும்?

கரண்ட்_கணக்கு:
அந்த சைஸ் ஏசி முழு வேகத்துல மணிக்குக் கிட்டத்தட்ட 0.8 யூனிட் இழுக்கும். சீலிங் கொதிச்சுக்கிட்டு இருந்தா தானா வேகத்தைக் குறைச்சுக்கிற இன்வெர்ட்டர் வகையா இருந்தாலும் வேகம் குறையாது. தினம் 5 மணித்தியாலம்னா மாசம் 120 யூனிட்.

உங்க பில்லைப் பாருங்க. 60 தாண்டினா, கூடுன 8 யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது. முதல் 60 யூனிட்டுக்கும் கூடுன விலைதான், மாதக் கட்டணமும் கூடும். பழைய பேன் 75 வாட், 10 மணித்தியாலம் ஓடுனா மாசம் 22.5 யூனிட். கரண்ட் குறைவா இழுக்குற 30 வாட் பிஎல்டிசி மோட்டார் பேன்னா 9. அந்த ஒரு மாத்தத்துலயே 60க்குக் கீழ வந்துருவீங்க.

கூரை_பாஸ்:
சூடு, சொட்டுற தண்ணி ரெண்டுக்கும் காரணம் ஒன்னுதான் தம்பி. பொயில் தகரத்தோட ஒட்டியிருக்கா?

பதுளை_வீடு:
ஆமாண்ணே, ஒட்டித்தான் இருக்கு. எலிக்குப் பயந்து கூரை ஓரத்து இறவாரத்தையும் அடைச்சாச்சு.

கூரை_பாஸ்:
அதான். ஒட்டியிருந்தா சூடு தகரத்துல இருந்து பொயிலுக்கு நேரா இறங்கிரும். காத்து இடைவெளி இருந்தாத்தான் பொயிலுக்கு வேலை. ராத்திரி தகரம் வெளிக்காத்தை விடக் குளிர்ந்துபோகும். குசினி ஆவி மேல ஏறி, போக வழியில்லாம அதுல தண்ணியா படியும்.

பொயிலைக் கழட்டி, 1 அங்குல ரீப்பர் (மரச் சட்டம்) அடிச்சு, அதுக்குக் கீழ திரும்பக் கட்டுங்க. மினுங்குற பக்கம் கீழ பார்க்கணும், மேல பார்த்தா தூசி படிஞ்சு வீணாகும். ஒரு பொயில் மேல அடுத்தது 6 அங்குலம் ஏறட்டும், அந்த ஒட்டுல பொயில் டேப் போடுங்க. முகட்டுலயும் இறவாரத்துலயும் காத்து போக 2 அங்குலம் பொயில் இல்லாம விடுங்க. பொயில்ல கரண்ட் பாயும், அதனால மெயினை நிறுத்திட்டு, வயர் ஓடுற இடத்துல ஸ்டேப்ளர் அடிக்காம வேலை செய்யுங்க.

இறவார அடைப்பை எடுத்துட்டு அரை அங்குலக் கம்பி வலை அடிங்க, அணிலும் வராது. முக்கோணச் சுவர்ல ரெண்டு பக்கமும் 1 அடிக்கு 1 அடி லூவர் (சரிவுப் பலகை வச்ச காத்துத் துவாரம்) வேணும். மழைச் சாரல் அடிக்கிற பக்கம் பலகையை வெளியே நல்லா சரிச்சு வைங்க, இல்லாட்டி மழை உள்ள வரும்.

பதுளை_வீடு:
வெள்ளைப் பெயின்ட் அடிச்சா?

கூரை_பாஸ்:
நல்லதுதான், ஆனா லூவருக்குப் பிறகு. தகரத்தை சவுக்காரம் போட்டுக் கழுவுங்க, எண்ணெய் இருந்தா உரிஞ்சிடும். துருவைத் தேய்ச்சு பிரைமர் அடிங்க. கூரைக்குன்னு வர்ற அக்ரிலிக், ரெண்டு கோட். பனி காஞ்ச பிறகு ஆரம்பிச்சு 10 மணிக்கு முன்னாடி நிறுத்துங்க. உச்சி வெயில்ல தகரம் சுடும்போது அடிச்சா கொப்புளம் வரும், பின்னேர மழையும் கழுவிட்டுப் போயிரும். அஸ்பெஸ்டஸ் சீட் வச்சிருக்கவங்க காய்ஞ்ச சீட்டைக் கம்பி பிரஷ்ல தேய்க்காதீங்க, அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆபத்து.

கரண்ட்_கணக்கு:
தண்ணி ஊத்தி ஓடுற ஏர் கூலரும் வாங்காதீங்க. மூடுன அறையில ஈரம் கூடி புழுங்கும். நம்ம பக்கம் ராத்திரி குளிர் சும்மா கிடைக்குது: பொழுது சாஞ்சதும் எதிரெதிர் ஜன்னலைத் திறங்க, காலையில 9 மணிக்கு வெயில் பக்கத்தை மூடுங்க.