ஜாஸ் பேஸுக்குள் ப்ரீஆம்ப்: வைக்கலாமா, வேண்டாமா?

நான்குகம்பி:
வணக்கம். என்னிடம் இருப்பது ஜாஸ் பேஸ் வகை பேஸ் கிட்டார், நான்கு கம்பி. இரண்டு சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் ஒற்றைச் சுருள்), இரண்டு வால்யூம், ஒரு டோன். பேட்டரி கிடையாது, முழுக்க பாசிவ். தனியாக வாசிக்கும்போது மனசு நிறைகிறது. குழுவோடு நின்றால் காணாமல் போய்விடுகிறேன். இரண்டு கிட்டாரும் கீபோர்டும் ஆரம்பித்ததும் என் வாசிப்பு தரையில் ஓர் அதிர்வாக மட்டும் நிற்கிறது. என்ன சுரம் என்று யாருக்கும் பிடிபடுவதில்லை.

இன்னும் இரண்டு குறைகள். வால்யூமைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வருகிறது. ஒரு பிக்கப்பை மட்டும் திறந்தால் 'ம்ம்ம்' என்று இரைச்சல்.

உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றிவிட்டு தாழ், நடு, உச்ச ஒலிகளை (பேஸ், மிட், ட்ரெபிள்) தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும், 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் மூன்று பேண்ட் ப்ரீஆம்ப் போடலாம் என்று இருக்கிறேன். சரியா?

மேடைக்காரன்:
தயங்காம போடுங்க தம்பி. உங்க டோன் நாபுக்கு வெட்ட மட்டும்தான் தெரியும், கூட்டத் தெரியாது. நீங்க கேக்கற சத்து மிட்ல இருக்கு, அதை ஏத்த ஒரு நாப் வேணும். அகிலார் ஓபிபி-3 மாதிரி ப்ரீஆம்ப்ல மிட் 400 ஹெர்ட்ஸா 800 ஹெர்ட்ஸான்னு சுவிட்ச் போட்டு மாத்திக்கலாம். கிட்டார்காரர் தடிமனா வாசிக்கறாரா, 800-க்குப் போங்க. அவர் ஒதுங்கினா 400-க்கு வாங்க. பாட்டுக்கு நடுவுலயே செய்யலாம், ஆம்ப் வரைக்கும் நடக்க வேண்டாம்.

இது புதுசா வந்த ஆசையும் இல்ல. 1976-ல மியூசிக் மேன் ஸ்டிங்ரே பேஸ் கடைக்கு வரும்போதே உள்ள ப்ரீஆம்போடதான் வந்தது. பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லர் கையில இருக்கற 1977 ஜாஸ் பேஸும் உங்களோடது மாதிரிதான். மில்லரோடதுக்குள்ள கிட்டார் செய்யற ரோஜர் சடோவ்ஸ்கி ப்ரீஆம்ப் வெச்சுக் கொடுத்தார். அந்த ஒலியைக் கேட்டு வளர்ந்தவங்க எத்தனை பேர்!

தாழ்சுருதி:
நான் எதிர்க்கட்சி. பேஸ் மேதை ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது 1962 ப்ரெசிஷன் பேஸ். இன்னொரு பேஸ் மேதை ஜாக்கோ பாஸ்டோரியஸ் வாசித்தது ஃப்ரெட்டுகளைப் பிடுங்கிய 1962 ஜாஸ் பேஸ். இரண்டிலும் பேட்டரி கிடையாது. பெரிய பெரிய குழுக்களுக்கு நடுவே அவர்கள் வாசித்த ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்கிறது.

நான்குகம்பி, ஒன்று கேட்கிறேன். ஆம்பில் மிட் நாபை எங்கே வைத்திருக்கிறீர்கள்? தனியாக வாசிக்கும்போது இனிக்கிறது, குழுவில் காணவில்லை என்றால் பெரும்பாலும் மிட்டைக் குறைத்து, கீழேயும் மேலேயும் ஏற்றி வைத்திருப்பார்கள். உங்கள் திறந்த இ கம்பியின் அடிப்படை அதிர்வெண் 41 ஹெர்ட்ஸ். சின்ன ஸ்பீக்கரில் அது வெளியே வருவதே பாடு. காது சுரத்தை அடையாளம் காண்பது அதற்கு மேலே இருக்கும் 82, 123 என்று அடுக்கடுக்காக வரும் ஒத்திசைகளை வைத்துத்தான். கிட்டாரின் கடைசிக் கம்பியும் அதே 82-ல்தான் தொடங்குகிறது. நெரிசல் அங்கே இருக்கிறது. ப்ரீஆம்ப் கைக்கு வந்ததும் பலரும் முதலில் ஏற்றுவது பேஸ் (தாழ் ஒலி) நாபை. அதிர்வு இன்னும் கூடும், சுரம் இன்னும் மங்கும்.

பேட்டரி தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். என் பழைய பேஸில் ப்ரீஆம்ப் இருந்தது. ஒரு நிகழ்ச்சியின் மூன்றாவது பாட்டில் ஒலி நொறுங்க ஆரம்பித்தது. பலமாகத் தட்டிய சுரமெல்லாம் கிழிந்து, பிறகு தேய்ந்து, கடைசியில் நின்றே போனது. அன்று மேடையில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அந்த நான்கு நிமிடம் இன்னும் உறுத்துகிறது. வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன்.

மேடைக்காரன்:
அந்த வலி புரியுதுங்க. ஆனா அது பேட்டரியைக் கவனிக்காத குறை, ப்ரீஆம்போட குறை இல்ல. கணக்கு பாருங்க. ஒரு 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியில சுமார் 500 மில்லிஆம்ப்-மணி இருக்கும். உள்ள ஒலியைப் பெருக்கற டிஎல்072 சிப் ஒண்ணு இருந்தா கிட்டத்தட்ட 2.8 மில்லிஆம்ப் குடிக்கும், ஏறக்குறைய 180 மணி நேரம் வரும். டிஎல்062 போட்ட ப்ரீஆம்ப்னா 0.4 மில்லிஆம்ப்தான், ஆயிரம் மணியைத் தாண்டும்.

வேலை முடிஞ்சதும் கேபிளைப் பிடுங்கணும், அவ்வளவுதான். ஸ்டீரியோ ஜாக்ல கேபிள் செருகியிருக்கற வரைக்கும் பேட்டரி ஓடிக்கிட்டே இருக்கும். ஒரு வாரம் அப்படியே விட்டா 168 மணி, டிஎல்072-க்கு ஒரு பேட்டரி முழுசாப் போச்சு. ஆக்டிவ்/பாசிவ் சுவிட்ச் வெச்சுட்டா நடுவுல பேட்டரி செத்தாலும் தட்டிவிட்டு வாசிச்சு முடிக்கலாம்.

ஈயக்கம்பி:
பத்து வருஷமாக நண்பர்களின் பேஸ்களைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இருவரும் ஈக்யூ (பேஸ், மிட், ட்ரெபிளைக் கூட்டிக் குறைப்பது) பற்றியே பேசுகிறீர்கள். ப்ரீஆம்ப் வைத்ததும் முதலில் மாறுவது ஈக்யூ அல்ல, நாப் எல்லாம் நடுவில் இருந்தாலும் ஒலி மாறும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய ஆயிரக்கணக்கான சுற்று செம்புக்கம்பி. அதற்கு இண்டக்டன்ஸ் (மின்தூண்டல்) உண்டு. கேபிளுக்கு கபாசிட்டன்ஸ் (மின்தேக்குத்திறன்) உண்டு, மீட்டருக்கு 100 பைக்கோஃபாரட் அளவில் வரும். இரண்டும் சேர்ந்தால் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒரு மேடு எழும்பும், அதற்கு மேலே ஒலி சரிந்துவிடும். பாசிவ் பேஸின் குணமே அந்த மேட்டில்தான் இருக்கிறது. ஜாஸ் பிக்கப் ஒன்றை மட்டும் திறந்திருப்பதாகவும் அதன் இண்டக்டன்ஸ் 4 ஹென்றி என்றும் வைத்துக்கொள்வோம். 6 மீட்டர் கேபிள் 600, பிக்கப்பும் உள் வயரும் சேர்ந்து ஒரு 150, ஆக 750 பைக்கோஃபாரட். மேடு ஏறக்குறைய 2,900 ஹெர்ட்ஸில் விழும். அதே பிக்கப்புக்குப் பக்கத்திலேயே ப்ரீஆம்ப் இருந்தால் கேபிளின் பாரம் பிக்கப் மேல் விழாது. வெறும் 150 மட்டும். மேடு 6,500 ஹெர்ட்ஸ் பக்கம் ஓடிவிடும்.

ஆக்டிவ் பேஸில் விரல் நகம் உரசுவது, கம்பி ஃப்ரெட்டில் அடிபடும் 'டிக்' எல்லாம் பளிச்சென்று கேட்பது இதனால்தான். சிலருக்கு அது உயிர். சிலர் 'கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது' என்று வருந்துவார்கள். தாழ்சுருதி இழந்ததாக நினைக்கும் இதமும் மேடைக்காரன் கொண்டாடும் தெளிவும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

இதைச் சோதிக்க பேஸைத் திறக்கவே வேண்டாம். வெளியில் வைக்கும் ப்ரீஆம்ப் பெடல் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். பேஸிலிருந்து பெடலுக்கு அரை மீட்டர் கேபிள் மட்டும். பெடலை இடுப்புப் பட்டையில் மாட்டினாலும் சரி, பக்கத்தில் ஸ்டூலில் வைத்தாலும் சரி. அங்கிருந்து ஆம்புக்கு நீளக் கேபிள். இப்போது பிக்கப் பார்ப்பது 200 பைக்கோஃபாரட், மேடு 5,600-ல். உள்ளே வைத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு மிக அருகில் இருக்கும். பிடித்திருக்கிறதா என்று காது சொல்லும்.

அப்புறம், நீங்கள் சொன்ன கரகரப்பும் இரைச்சலும் தனி நோய்கள். ப்ரீஆம்ப் அவற்றைக் குணப்படுத்தாது. இரைச்சலையும் சேர்த்துப் பெரிதாக்கித்தான் அனுப்பும். முதலில் அதைப் பாருங்கள். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா? ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால்?

நான்குகம்பி:
இப்போதே பார்த்தேன். கம்பியைத் தொட்டால் மாற்றமே இல்லை. ஜாக்கைத் தொட்டால் சட்டென்று அடங்குகிறது.

ஈயக்கம்பி:
அப்படியானால் பிரிட்ஜுக்கு (கம்பிகள் உடலில் ஊன்றி நிற்கும் உலோகப் பகுதி) போகும் கிரவுண்ட் வயர் விட்டுப்போயிருக்கிறது. மல்டிமீட்டரில் பிரிட்ஜுக்கும் ஜாக்கின் வெளி வளையத்துக்கும் நடுவே அளந்து பாருங்கள், ஓம் பூஜ்ஜியத்தை ஒட்டி வர வேண்டும்.

இரண்டு வால்யூமும் முழுசாகத் திறந்திருக்கும்போது இரைச்சல் குறைவாக இருக்கும், கவனித்தீர்களா? ஜாஸ் பேஸில் ஒரு பிக்கப்பின் சுற்றும் காந்தமும் மற்றதற்கு நேர் எதிர், அதனால் ஒன்றின் இரைச்சலை மற்றது தின்றுவிடும். ஒன்றைக் குறைத்தால் சமநிலை போய்விடும். மிச்சத்துக்கு, சர்க்யூட் இருக்கும் குழிக்குள் செம்பு டேப் ஒட்டி, அதைக் கிரவுண்டோடு இணையுங்கள். டேப் ஒட்டுகளின் மேல் ஒரு சொட்டு ஈயம் வையுங்கள், பசையை மட்டும் நம்ப வேண்டாம்.

தாழ்சுருதி:
ஈயக்கம்பி சொன்ன பெடல் சோதனை என் வாதத்தைத்தான் பலப்படுத்துகிறது. அரை மீட்டர் கேபிளும் ஒரு பெடலும் அதே வேலையைச் செய்யும் என்றால் பேஸை ஏன் கீற வேண்டும்? பெடலை நாளைக்கு மாற்றலாம், அடுத்த பேஸுக்கும் கொண்டுபோகலாம். மரத்தில் வெட்டிய குழியைத் திரும்ப நிரப்ப முடியாது.

மேடைக்காரன்:
கைதாங்க காரணம். பாடகர் மெதுவாப் பாட ஆரம்பிச்சதும் வலது கை சுண்டு விரலால மிட்டை ஒரு நூல் இறக்குவேன், கண்ணு பாடகர் மேலயே இருக்கும். பெடல் காலடியில இருந்தா குனியணும். குனிஞ்ச நேரத்துல டிரம்மர் தர்ற ஜாடையைத் தவற விட்டிருக்கேன். மேடையில நிக்கறவனுக்கு இது சின்ன விஷயம் இல்ல.

தாழ்சுருதி:
ஏற்கிறேன், அந்த வசதி உண்மை. ஆனால் இரண்டு வால்யூமை வைத்தே அதைச் செய்ய முடியும் என்பது என் அனுபவம். பிரிட்ஜ் பக்கப் பிக்கப்பை முழுசாகத் திறந்து நெக் பிக்கப்பைக் கொஞ்சம் இறக்குங்கள், குரல் மாதிரி ஒரு மூக்கொலி வரும். குழுவுக்குள் அது வெட்டிக்கொண்டு போகும். பிக்கப்பின் உயரத்தை ஒரு திருகு ஏற்றி இறக்கிப் பார்த்தீர்களா? கம்பி எத்தனை மாதம் பழசு? இதையெல்லாம் தொடாமல் சர்க்யூட்டை மாற்றக் கூடாது என்பதுதான் என் கட்சி.

ஈயக்கம்பி:
உள்ளே வைப்பதென்று முடிவெடுத்தால் சில எச்சரிக்கைகள்.

பாசிவ் பிக்கப்புக்கு 250 கிலோஓம் பாட் (நாபுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடை). 25 கிலோஓம் பாட்டை ஆக்டிவ் பிக்கப்புக்கும், ப்ரீஆம்புக்குப் பிறகு வரும் இடத்துக்கும் மட்டும் வையுங்கள். பாசிவ் பிக்கப்பில் நேராக மாட்டினால் ஒலிக்கு மூடி போட்டது போல் ஆகிவிடும். உங்கள் நாப் தகட்டில் பாட் ஓட்டைகள் மூன்று, ஜாக்குக்கு ஒன்று. மூன்று பேண்ட் வைக்க வேண்டுமானால் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் இரட்டை நாப் தேவை. சிடிஎஸ் நிறுவனத்துப் பாட்டின் கழுத்து 9.5 மில்லிமீட்டர், சின்ன பாட்டுக்காகப் போட்ட ஓட்டையில் நுழையாது. ஓட்டையை அளந்துவிட்டு வாங்குங்கள்.

18 வோல்ட் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஓங்கி அறைந்து வாசிப்பவருக்கு 6 டெசிபல் கூடுதல் இடம் கிடைக்கும், மற்றவருக்கு வித்தியாசம் தெரியாது. அந்தச் சர்க்யூட் 18-ஐத் தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பேட்டரிக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்குகம்பி:
பத்து நாள் கழித்து வருகிறேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

தகட்டைத் திறந்தேன். கிரவுண்ட் வயர் பாட்டின் முதுகில் ஒட்டியது போல் தெரிந்தது, குச்சியால் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அடியில் ஈயம் மங்கலாக, மணல் மணலாக இருந்தது. சூடு போதாமல் வைத்த ஒட்டு. பாட்டின் முதுகை உப்புத்தாளால் தேய்த்து, அகலமான முனை போட்டு மறுபடி வைத்தேன். இப்போது ஈயம் பளபளவென்று பரவி நிற்கிறது. பாட்டுக்குள் கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு அடித்து இருபது முப்பது தடவை திருப்பினேன். கரகரப்பு போய்விட்டது. செம்பு டேப்பும் ஒட்டினேன். ஒற்றைப் பிக்கப் இரைச்சல் முழுசாகப் போகவில்லை, பாதிக்கு மேல் குறைந்தது.

அப்புறம் பெடல் சோதனை. நாப் எல்லாம் நடுவில் வைத்தே வாசித்தேன். ஈயக்கம்பி சொன்ன 'டிக்' உடனே கேட்டது, எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. டோன் நாபைக் கால்வாசி மூடியதும் பழைய இதம் கிட்டத்தட்ட திரும்பியது. 800 பக்கம் மிட்டை லேசாக ஏற்றினேன். டிரம்மர் வாசிப்பை நிறுத்திவிட்டு, "இப்பத்தான் நீ என்ன வாசிக்கறேன்னு கேக்குது" என்றார். தாழ்சுருதி ஐயா கேட்டதும் சரிதான், என் ஆம்பில் மிட் பாதிக்குக் கீழே இருந்தது.

பேட்டரிக்கு இடம் இல்லை. 9 வோல்ட் பேட்டரி 48.5 மில்லிமீட்டர் நீளம், 26.5 அகலம், 17.5 தடிமன். மெல்லிய ஸ்பாஞ்சில் சுற்றி எல்லாப் பக்கமும் வைத்துப் பார்த்தேன். ஜாக்குக்குப் பின்னால் ஒரே ஓர் இடத்தில் உட்கார்ந்தது, கேபிளைச் செருகியதும் பிளக்கின் முனை அதை இடித்தது.

மேடைக்காரன்:
பின்பக்கம் பேட்டரிப் பெட்டிக்கு ஒரு குழி எடுத்தா முடிஞ்சது. கை தேர்ந்தவர்கிட்டக் கொடுங்க. டிரம்மரே சாட்சி சொல்லிட்டாரே, இன்னும் என்ன யோசனை?

தாழ்சுருதி:
டிரம்மர் சாட்சி சொன்னது மிட்டுக்கு. மரத்தை வெட்டுவதற்கு அல்ல.

நான்குகம்பி:
குழி எடுக்க இப்போதைக்கு மனசு வரவில்லை. பெடலோடு கொஞ்ச நாள் ஓட்டுகிறேன். பேட்டரி இல்லாமலேயே மிட்டைத் தடிமனாக்க உள்ளே ஏதாவது செய்ய முடியுமா?

ஈயக்கம்பி:
சீரிஸ் சுவிட்ச். இப்போது உங்கள் பிக்கப்புகள் இரண்டும் பேரலலில் இருக்கின்றன. தொடராக (சீரிஸ்) மாற்றினால் சத்தம் கூடும், மிட் தடிக்கும், மேல் ஒலி கொஞ்சம் அடங்கும். இரைச்சல் ஒன்றையொன்று தின்பதும் நடக்கும். ஒரு வால்யூமைக் கழற்றி இழுத்தால் மாறும் புஷ்-புல் பாட் போடுங்கள், வெளியே எதுவும் தெரியாது. அது சாதாரணப் பாட்டைவிட உயரம், குழியின் ஆழத்தை அளந்த பிறகு வாங்குங்கள். ஒரு பிக்கப்பின் கிரவுண்ட் வயரைப் பொதுக் கிரவுண்டிலிருந்து பிரித்து சுவிட்சுக்குக் கொண்டுவர வேண்டும். அந்தப் பிக்கப்புக்கு உலோக மூடியோ அடித்தகடோ இருந்தால், அதன் கிரவுண்டைத் தனியாகப் பழைய இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

மேடைக்காரன்:
சீரிஸ் நல்ல யோசனைதான், மறுக்கல. ஆனா அது ரெண்டே நிலை தம்பி, இருக்கு இல்லன்னா இல்ல. நடுவுல நிறுத்த முடியாது. செஞ்சு ஒரு மாசம் வாசிச்சுட்டு வந்து சொல்லுங்க.

ஈயக்கம்பி:
வேலை முடிந்து மூடும்போது ஜாக்கின் நட்டை இறுக்குவீர்கள். உள்ளே ஜாக்கை விரலால் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். பிடிக்காவிட்டால் அதுவும் சேர்ந்து சுழன்று, புதிதாக வைத்த வயரை முறுக்கி அறுத்துவிடும்.