எங்கள் ஐயருக்காக ஜெபிக்க ஆட்கள் வேண்டும்

சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். பல கிராமச் சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்துக்கு ஒரே ஐயர்தான் (சபைப் போதகர்). அவர் பொறுப்பில் ஏழு கிராமச் சபைகள். ஞாயிறு காலை ஓரிடத்தில் திருவிருந்து முடித்த கையோடு பைக்கில் அடுத்த ஊருக்கு ஓடுகிறார். நடுவில் அடக்க ஆராதனை, ஆஸ்பத்திரி, கமிட்டித் தகராறு. போன வாரம் பிரசங்கத்தின் பாதியில் குரல் உடைந்து அப்படியே நின்றுவிட்டார். எல்லாருக்காகவும் ஜெபிக்கிறவருக்காக நாங்கள் ஒருநாளும் கூடி ஜெபித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தில் யுத்தம் நடக்கையில் உயர்த்தியிருந்த மோசேயின் கைகள் அசந்துபோனதும் ஆரோனும் ஊர் என்பவரும் இருபுறமும் தாங்கினார்கள். அதற்கு முன்னால் அவர் உட்கார ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தக் கல்லைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் 40இலும் தொடர் ஜெபம் வைக்க நினைக்கிறோம். காலை 5 மணி முதல் 6 வரை, ஆளுக்குப் பதினைந்து நிமிடம், அவரவர் வீட்டிலிருந்தே. முடிந்தவர்கள் எந்த நாள், எந்த நேரம் என்று சொல்லுங்கள். அப்புறம், ஊழியக் குடும்பத்தில் பிறந்தவர்கள் யாராவது இருந்தால், ஐயரம்மாவுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் என்னென்ன வைத்து ஜெபிக்கலாம் என்று தயவுசெய்து எழுதுங்கள்.