பாட்டும் வாத்தியமும் பழகும் சாதக அறை ஏமாற்றிய கதைகள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஒரு கட்டை:
நானே தொடங்குகிறேன். வாய்ப்பாட்டு, ஸ்ருதி ஒரு கட்டை, அதாவது மேற்கத்திய C. அறையின் அகலம் 2.6 மீட்டர், நீளம் கொஞ்சம் கூட. நட்டநடுவில் பாய் போட்டு உட்கார்ந்து பாடுவேன். நாலைந்து மாதமாக என் ஷட்ஜத்துக்கு ஒரு கனம் வந்திருந்தது. ஸா என்று நிறுத்தினால் நெஞ்சுக்குள் இறங்கும். ‘ஆ’ என்று நீட்டிப் பழகும் அகார சாதகம் பலிக்கத் தொடங்கிவிட்டது என்று உள்ளுக்குள் ஒரே பூரிப்பு. வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் ஸ்ருதிப் பெட்டியின் ஒயர் பிளக்கிலிருந்து கழன்றுவிட்டது. ஸாவை விடாமல் பிடித்துக்கொண்டே பக்கச் சுவரை நோக்கி நகர்ந்து கையை நீட்டினேன். ஸா காணாமல் போனது. குரல் போகவில்லை. மூச்சு இருக்கிறது, சுருதி இருக்கிறது, அந்தக் கனம் மட்டும் இல்லை. நடுவுக்கு வந்தேன், வந்துவிட்டது. மறுபடி நகர்ந்தேன், போய்விட்டது. இரண்டடி தூரம்தான். பாய்க்கும் பிளக்குக்கும் இடையே பைத்தியக்காரன் மாதிரி அரைமணி நேரம் தவழ்ந்துகொண்டிருந்தேன்.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். 2.6 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே முதல் ஒத்ததிர்வு, அதாவது அறை தானே பெருக்கிக் கொடுக்கும் அதிர்வு, 66 ஹெர்ட்ஸ், இரண்டாவது 132. ஒரு கட்டை ஸா 131. இந்த இரண்டாவது அதிர்வு சுவரோரங்களிலும் நட்டநடுவிலும் உச்சத்தில் இருக்கும். சுவரிலிருந்து 65 சென்டிமீட்டரில் அடங்கிவிடும். பிளக்குக்குக் கை நீட்டியபோது என் தலை இருந்தது அங்கேதான். என்னுடையது என்று நான் நினைத்த ஸாவில் பாதி சுவருடையது.

வில்காரி:
உங்களுக்குச் சுவர் கொடுத்தது. நான் சுவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

வயலின். அறை ரொம்பக் கூவுகிறது என்று நாலு சுவரிலும் ஓர் அங்குல ஃபோம் ஒட்டினேன், கதவைக்கூட விடவில்லை. முதல் நாள் காதில் பஞ்சடைத்த மாதிரி இருந்தது, பழகிவிடும் என்று விட்டுவிட்டேன். பழகியும்விட்டது. பழகியது என் காது இல்லை, வலது கை. மேல்தந்தியின் பிரகாசத்தையெல்லாம் ஃபோம் விழுங்கிவிட, அதைத் தேடி வில்லை அழுத்த ஆரம்பித்திருக்கிறேன். எனக்கே தெரியாமல், ஆறு மாதம்.

பிறகு ஓர் உறவினர் வீட்டுக் கூடம், டைல்ஸ் தரை, உயரமான மேற்கூரை. வாசி என்றார்கள். முதல் வில் இழுத்ததுமே தகரத்தை ஆணியால் கீறியது போல ஒரு சத்தம். பேசிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். அந்தத் திரும்பல் இன்னும் கண்ணில் இருக்கிறது. ஒரு சின்னக் குழந்தை காதைப் பொத்திக்கொண்டது, அது வேறு.

பாதி ஃபோமைப் பிய்த்துப் போட்டேன். பெயின்டும் கூடவே வந்தது.

தோல்:
மிருதங்கம். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகக்கூடாது என்று முட்டை அட்டை ஒட்டியவன் நான். எத்தனை அட்டை என்று கேட்காதீர்கள். ஒரு வாரம் பசையும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் மகளை வெளியே அனுப்பி, இரண்டு கதவு தள்ளி நின்று ஏதாவது கேட்கிறதா என்று பார்த்துவரச் சொன்னேன். உள்ளே தகதிமி தகஜொணு வாசித்தேன். நிறுத்தினேன்.

அந்தப் பக்கத்திலிருந்து சுவரில் டொக் டொக் என்று அதே தகதிமி தகஜொணு திரும்பி வந்தது. காலப்பிரமாணம்கூடப் பிசகவில்லை.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இன்னும் வேகமாக, மூன்றாம் காலத்தில் வாசித்துப் பார்த்தேன். அதுவும் வந்தது. பெருமையாகத்தான் இருந்தது, அட்டைகளைப் பார்க்கும்வரை.

ஆறு தந்தி:
முட்டை அட்டையை எல்லோரும் கிண்டல் செய்கிறீர்கள். என் கிட்டார் அறையில் அது வேலை செய்தது. முன்பு கைதட்டினால் ‘ட்ர்ரிங்’ என்று ஸ்பிரிங் மாதிரி ஒரு சத்தம் தொடர்ந்து வரும், அட்டை ஒட்டியதும் குறைந்துவிட்டது. காதால் கேட்டதைச் சொல்கிறேன்.

தோல்:
சார், உங்களுடைய பிரச்சினை அறைக்குள்ளே இருந்தது, என்னுடையது வெளியே போவது. இரண்டும் வேறு என்று தெரியாமல்தான் நானும் அந்த ஒரு வாரத்தைத் தொலைத்தேன்.

நாலு சுவர்:
எல்லாவற்றையும் படித்தேன். நான் கீபோர்டு. ஹெட்போனில் சரியாக இருந்த இடதுகை ஸ்பீக்கரில் இரண்டு சுரத்துக்கு மட்டும் குமுறியது, அதிலிருந்து இந்தக் கிறுக்குப் பிடித்துக்கொண்டது. என் கதை அவ்வளவுதான். ஆனால் இங்கே சில விஷயங்களைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

தோல் அவர்கள் சொன்னது சரி. ஒலியை உறிஞ்சுவது ஒரு வேலை, தடுப்பது இன்னொரு வேலை. தடுக்க வேண்டுமென்றால் எடை வேண்டும், காற்றுப் புகாத அடைப்பு வேண்டும். சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் தடுப்பு சுமார் 6 டெசிபெல்தான் (ஒலியளவின் அலகு) கூடும். மாறாக, சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால் போதும், மற்ற 99 பங்கை எதனால் கட்டினாலும் 20 டெசிபெல்லுக்கு மேல் தடுப்பு கிடைக்காது. ஆகவே முதலில் கதவடி இடுக்கைப் பாருங்கள். முட்டை அட்டை எடையே இல்லாத காகிதக்கூழ். அதைவிட, சட்டென்று தீப்பிடிக்கும். ஒயர் ஓடும் அறையில் அதைச் சுவரெங்கும் ஒட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆறு தந்தி கேட்ட ‘ட்ர்ரிங்’ இரண்டு வெறும் சுவர்கள் நேருக்கு நேர் நின்று ஒலியைப் பந்தாடுவதால் வருவது. அதற்கு அட்டையே வேண்டாம். ஒரு பக்கச் சுவரை மட்டும் கலைத்துவிட்டால் போதும். மடிப்பு மடிப்பாகக் கனத்த திரை தொங்கவிட்டால் போய்விடும். ஏறுக்குமாறாக அடுக்கிய புத்தக அலமாரியும் ஒலியை உடைத்துச் சிதறவிடும்.

வில்காரி, உங்கள் ஃபோமைப் பற்றி. ஓர் அங்குல ஃபோம் ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் ஒழுங்காக உறிஞ்சும். அதற்குக் கீழே இருப்பது அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். வெளிச்சத்தை அணைத்துவிட்டுப் புகையை மட்டும் அறைக்குள் விட்ட கதை. ஃபோம் மாதிரி நுண்துளைப் பொருள் நன்றாக வேலை செய்வது சுவரிலிருந்து அலைநீளத்தில் கால் பங்கு தள்ளி. 1000 ஹெர்ட்ஸுக்கு அது 8.6 சென்டிமீட்டர், 100 ஹெர்ட்ஸுக்கு 86. அதனால்தான் மெல்லியதைச் சுவரெங்கும் ஒட்டுவதைவிட, 10 சென்டிமீட்டர் ராக்வூல் (கல்லை உருக்கி இழுத்த பஞ்சு) பலகையைத் துணியில் பொதிந்து, பின்னால் அதே அளவு இடைவெளி விட்டுச் சில இடங்களில் மட்டும் வைப்பது நல்லது. துணியை வாயில் வைத்து ஊதினால் காற்று உள்ளே போக வேண்டும், ரெக்ஸின் எல்லாம் ஆகாது. வெட்டும்போது கையுறையும் முகமூடியும் போடுங்கள், அரிப்புத் தாங்காது. கீழ்ஸ்தாயிக் குமுறலுக்கு மூலைகள்தான் இடம். எல்லா ஒத்ததிர்வும் மூலையில் வந்து அழுத்தம் கொடுக்கும்.

எவ்வளவு வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. 1895-இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரை அறையில் பேச்சு புரியவில்லை என்று வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியரிடம் கொடுத்தார்கள். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று காதால் கேட்டே அளந்தார். வெறும் அறையில் ஐந்து நொடிக்கு மேல் நின்றது. அதிலிருந்து வந்த சூத்திரத்தில் அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, ஒலி அடங்க வேண்டிய நொடியால் வகுக்க வேண்டும். 3, 3.5, 2.8 மீட்டர் அறை 29.4 கன மீட்டர். அரை நொடிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 9.5 சதுர மீட்டர் முழு உறிஞ்சல், அதாவது விழும் ஒலியை முழுக்க விழுங்கும் பரப்பு வேண்டும், அதில் கட்டில், திரை, நீங்கள் எல்லோரும் சேர்த்தி. சின்ன அறையில் கீழ்ச்சுரங்களுக்கு இந்தக் கணக்கு பிடிபடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கட்டை:
ஐயா, நான் கேட்டது கதை. நீங்கள் வகுப்பே எடுத்துவிட்டீர்கள். மெத்தை தூக்கிய பேராசிரியருக்காக மன்னித்தேன்.

வில்காரி:
புகை உவமை பிடித்தது. ஆனால் “சில இடங்களில் மட்டும்” என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்களே, எந்த இடம் என்பதுதானே எங்கள் தலைவலி? எனக்கு உதவியது ஒரு முகக்கண்ணாடி. நான் வாசிக்கும் இடத்தில் நின்றுகொண்டேன். தங்கை கண்ணாடியைச் சுவரோடு சேர்த்து நகர்த்திக்கொண்டே வந்தாள். எங்கே என் வயலின் எனக்குத் தெரிந்ததோ அங்கே மட்டும் பலகை. மிச்சச் சுவரை வெறுமனே விட்டேன். இப்போது கை அழுத்துவதில்லை. பெரும்பாலும்.

மேளக்கட்டு:
எனக்கும் ஒன்று. வீணையில் ஒரே ஒரு சுரத்தில் ‘ஜிர்ர்’ என்று கரகரப்பு. பஞ்சமம் மட்டும். மெட்டுகளைப் பிடித்திருக்கும் மெழுகு இளகிவிட்டதோ என்று மேளம் கட்டுபவரை, அதாவது மெட்டுகளைப் பதிப்பவரை, வரவழைத்துப் பிரித்துக் கட்டினேன். அவர் தட்டிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார், நான்தான் கேட்கவில்லை. கட்டி முடித்து அவர் போனதும் வாசித்தால் அதே ஜிர்ர். தந்தியை மாற்றினேன். தந்தியைத் தாங்கும் குதிரையைப் பார்த்தேன். ராத்திரி ஒரு மணிக்கு அலமாரியில் ஏதோ எடுக்கப்போய், பூட்டில் தொங்கிய சாவிக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் சும்மா அந்தத் தந்தியை மீட்டினேன். சுத்தமான பஞ்சமம். சாவியை விட்டேன். ஜிர்ர்.

அந்த மனிதருக்கு இன்னும் போன் செய்யவில்லை. என்ன சொல்வது?

கீழ் ஸ்தாயி:
சாக்ஸபோன். சத்தம் வெளியே போகாமலிருக்க ஜன்னல், கதவு எல்லாம் இறுக்கி மூடிவிட்டுத் தினமும் இரண்டு மணி நேரம். ஒரு நாள் முடித்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன், சுவர்க் கடிகாரம் ஓடவில்லை. எழுந்து பேட்டரி மாற்றினேன். அப்போதும் ஓசை இல்லை. கிட்டே போனால் நொடிமுள் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது, டிக் டிக் எனக்குத்தான் கேட்கவில்லை. காதுக்குள் ‘ங்ங்’ என்று ஒரே இரைச்சல். மறுநாள் காலையில்தான் அந்த டிக் திரும்பியது. மாற்றிய பேட்டரியை வீணாக்கவும் மனமில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

நாலு சுவர் அவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். பாதுகாப்பு வரம்பாக 85 டெசிபெல்லை 8 மணி நேரம் என்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 100 என்றால் 15 நிமிடம்தான். சின்ன அறையில் வெறும் சுவர் எல்லாவற்றையும் திருப்பி முகத்திலேயே அடிக்கிறது. இப்போது காதில் இசைக்காரர்களுக்கான அடைப்பான், முகத்துக்கு நேர்ச் சுவரில் மெத்தை, அரைமணிக்கு ஒரு தடவை கதவைத் திறந்து வெளியே ஐந்து நிமிடம்.

மூங்கில்:
என்னுடையது சின்னது. வீடு மாறிய அன்று, சாமான் வருவதற்கு முன், வெற்று அறையில் புல்லாங்குழல் வாசித்தேன். ஒவ்வொரு சுரமும் அடுத்த சுரத்தின் தோளில் கைபோட்டுக்கொண்டு போனது. வாழ்நாளில் அப்படி வாசித்ததில்லை. மதியம் கட்டில், பீரோ, மெத்தை எல்லாம் வந்து இறங்கின. சாயங்காலம் அதே ராகம், அதே குழல். மூச்சு விடும் இடமெல்லாம் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. நான் எப்போதும் அப்படித்தான் வாசித்திருக்கிறேன் போலும்.

ஆறு தந்தி:
கைதட்டிப் பார்த்தேன், அட்டையைக் கழற்றிவிட்டுப் புத்தக அலமாரியை நகர்த்தி வைத்து. ட்ர்ரிங் போய்விட்டது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அட்டையும் குறைத்தது. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒரு கட்டை:
இப்போது சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, அறையின் நீளவாக்கைப் பார்த்து உட்கார்கிறேன். மூலைகளில் இரண்டு தடித்த பலகை. ஸா மற்ற சுரங்களைப் போலத்தான் ஒலிக்கிறது. மெலிந்துபோன மாதிரி இருக்கிறது, என்ன செய்ய. சாதகம் முடிந்ததும் நடுவில் போய் ஒரே ஒரு தடவை பாடிவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறேன், யாருக்கும் தெரியாது.

வில்காரி:
தோல் சார், கதவடி இடுக்கை அடைத்தீர்களா? அப்புறம் என்ன ஆயிற்று என்று சொல்லவே இல்லையே.

தோல்:
அடைத்தேன். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை, அடியில் தரையைத் தொடும் ரப்பர் நாக்கு. மகளை மறுபடி அதே இடத்தில் நிறுத்தினேன். வலக்கையில் வலந்தலையின் கூர்மையான சத்தமும் இடக்கையில் கனத்த தொம்முமாக வாசித்து நிறுத்தினேன். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று எழுந்திருக்கும்போது டொக்... டொக்... என்று விட்டுவிட்டு வந்தது. வெளியே போய்க் கேட்டேன். “வலந்தலை ஒண்ணும் கேக்கலப்பா. தொம் மட்டும்தான் வருது, அதைத்தான் தட்டினேன்” என்றாள்.