ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது, ஆனாலும் அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது. கருவியில் கோளாறா?

தென்காசிப் பெண்:
வணக்கம். அம்மாவுக்கு வயது 47. கர்ப்பப்பையில் கட்டி இருப்பதால் மாதாமாதம் ரத்தப்போக்கு அதிகம். மாடிப்படி ஏறினால் பாதியிலேயே நின்றுவிடுகிறார், மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. உட்கார்ந்திருந்தால் ஒன்றும் இல்லை. ஹீமோகுளோபின் 6.2. எக்ஸ்ரே, ஈசிஜி இரண்டும் நன்றாக இருக்கின்றன. ரத்தம் ஏற்றச் சொல்கிறார் டாக்டர். ஆனால் ஆக்சிமீட்டரில் 98, 99தான் வருகிறது. பக்கத்து வீட்டுக் கருவியிலும் அதே அளவு. "ஆக்சிஜன்தான் நன்றாக இருக்கிறதே, ரத்தம் எதற்கு? ஆக்சிஜன் தரும் கான்சென்ட்ரேட்டர் கருவியை வாடகைக்கு எடுத்து வைத்தால் போதும்" என்கிறார் மாமா. எது சரி?

குமரன்_07:
நகப்பூச்சு, மருதாணி இருந்தால் தப்பாகக் காட்டும். விரல் குளிர்ந்திருந்தாலும் அப்படித்தான். துடைத்துவிட்டுப் பாருங்கள்.

லேப் அண்ணன்:
குமரன் சொன்னவை பெரும்பாலும் அளவைக் குறைத்துக் காட்டுபவை. இங்கே அளவு குறையவில்லையே. தங்கச்சி, கருவியில் கோளாறு இல்லை. அது உண்மையைத்தான் சொல்கிறது, ஆனால் நீங்கள் கேட்கும் கேள்விக்கு அது பதில் இல்லை.

ஆக்சிமீட்டர் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி, இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைப் பிடித்திருக்கிறது என்று மட்டும் பார்க்கிறது. மொத்த ஹீமோகுளோபின் எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது. ஊருக்கு 12 தண்ணீர் லாரி வர வேண்டிய இடத்தில் 6 லாரிதான் வருகிறது என்று வையுங்கள். ஆறும் ததும்பத் ததும்ப நிறைந்துதான் வருகின்றன. ஆனால் பாதித் தெருவுக்குத் தண்ணீர் இல்லை.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 1 கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மி.லி. ஆக்சிஜனைச் சுமக்கும். 12 கிராம் இருந்தால் 100 மி.லி. ரத்தத்தில் கிட்டத்தட்ட 16 மி.லி. ஆக்சிஜன். அம்மாவின் 6.2-க்கு 8 மி.லி.தான். இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது என்றால், உடம்புக்குப் போய்ச் சேருவது சுமார் 400 மி.லி. ஆக்சிஜன். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு ஏறத்தாழ 250 மி.லி. கேட்கும். அதனால்தான் உட்கார்ந்தால் சமாளிக்கிறார், படி ஏறினால் முடியவில்லை. இதயம் வேகமாக ஓடி ஈடுகட்டப் பார்க்கிறது, படபடப்பு அதனால்தான். தசைகளுக்கு ஆக்சிஜன் போதாமல் லாக்டிக் அமிலம் சேரும்போது மூச்சும் வேகமாகிறது. நுரையீரலில் குறை எதுவும் இல்லை.

தென்காசிப் பெண்:
இப்போது புரிகிறது அண்ணா. அப்படியென்றால் கான்சென்ட்ரேட்டர் வைத்தால் அந்த 8 கூடாதா?

லேப் அண்ணன்:
மிகக் கொஞ்சம்தான் கூடும். 98 என்பதை 100 ஆக்கலாம், அதற்கு மேல் ஹீமோகுளோபினில் இடம் இல்லை. மீதி ஆக்சிஜன் ரத்த நீரில் கரைந்துதான் போக வேண்டும். சாதாரணமாக 100 மி.லி. ரத்தத்தில் அப்படிக் கரைவது 0.3 மி.லி. சுத்த ஆக்சிஜனையே சுவாசித்தாலும் 2 மி.லி.க்குள்தான் இருக்கும். வீட்டுக் கருவி தருவது அதைவிடக் குறைவு. ஒரு யூனிட் சிவப்பணு ஏற்றினால் ஹீமோகுளோபின் சுமார் 1 கிராம் கூடும். மாமாவிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். டாக்டரே ஆக்சிஜன் வைக்கச் சொன்னால் அது வேறு, அதை மறுக்க வேண்டாம்.

பிளஸ் டூ மாணவன்:
குறுக்கே கேட்கிறேன், மன்னியுங்கள். ஹீமோகுளோபின் குறைந்தால் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறாமல் தேங்குமா?

லேப் அண்ணன்:
நல்ல கேள்வி தம்பி. பொதுவாகத் தேங்காது. அது ஹீமோகுளோபினை அவ்வளவாக நம்பி இல்லை. சுமார் 70 சதவீதம் பைகார்பனேட்டாக மாறி, பெரும்பாலும் பிளாஸ்மாவில் போகிறது. 20 முதல் 25 சதவீதம்தான் ஹீமோகுளோபினோடு ஒட்டிப் போகிறது. மீதி 7 சதவீதம் அப்படியே கரைந்திருக்கும். பைகார்பனேட்டாக மாற்றும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதி சிவப்பணுவுக்குள் இருக்கிறது. ஆனால் அது மிக வேகமாக வேலை செய்வதால் சிவப்பணு பாதியானாலும் தட்டுப்பாடு வருவதில்லை.

செவிலியர் அக்கா:
தங்கச்சி, தள்ளிப்போடாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஆக்சிமீட்டர் 99 காட்டினாலும் சரி. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருந்தால் அதைக் காபி, டீயோடு கொடுக்க வேண்டாம், உடம்பில் சேராது. அப்புறம், கட்டிக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்டு வையுங்கள். ரத்தப்போக்கு நிற்காவிட்டால் ஏற்றிய ரத்தமும் இறங்கிவிடும்.

தென்காசிப் பெண்:
மாமாவிடம் கணக்கைக் காட்டினேன், ஒப்புக்கொண்டார். நாளைக் காலை அம்மாவைச் சேர்க்கிறோம். கட்டியைப் பற்றியும் கேட்கிறேன். எல்லோருக்கும் நன்றி.